பாட்டிக்குத் தொடை வலி, கூடவே வாந்தி: இரண்டும் ஒரே வியாதியா?

3 ஜூன், இரவு 9.40 (கேள்வி)

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். பாட்டிக்கு வயது 81. முன்பு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் (ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்), இப்போது 38 கிலோ இருந்தால் அதிகம். நாலைந்து மாதமாக வலது தொடையின் உள்பக்கம் வலிக்கிறது, முட்டி வரை இறங்குகிறது என்கிறார். கிளினிக்கில் மூட்டுத் தேய்மானம் என்று மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளாகப் புதிதாக ஒன்று. திடீரென்று வயிற்றைப் பிசைந்து வாந்தி எடுக்கிறார், அரை நாள் சுருண்டு படுத்துவிடுகிறார், மறுநாள் எழுந்து கஞ்சி குடிக்கிறார், இரண்டு நாள் போனால் மறுபடியும். வேறொரு கிளினிக்கில் காற்று என்று பாட்டில் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அபூர்வமாக வரும் வயிற்று வியாதி ஏதாவது இப்படி இருக்குமா? ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு 10.25

தம்பி, நான் டாக்டர் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் 31 வருடம் மிஸ்ஸியாக (நர்சாக) இருந்து ஓய்வு பெற்றவள், உங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பாட்டியை நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். வாந்தி பச்சையாகவோ மலநாற்றத்தோடோ வந்தால், வயிறு உப்பிக் காற்றுப் பிரியாமல் இருந்தால், நாளை வரை வேண்டாம், இந்த இரவே. வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். பேதி மாத்திரை கொடுக்கவே கூடாது.

என் சந்தேகம் ஆப்ட்யூரேட்டர் ஹெர்னியா. மெலிந்து போன, வயதான, நிறையப் பிள்ளை பெற்ற பெண்களுக்கு வரும் குடலிறக்கம். இடுப்பெலும்பில் ஒரு சின்னச் சந்து இருக்கிறது, அதில் குடல் போய் மாட்டிக்கொள்ளும். தொடைக்குப் போகிற நரம்பும் அதே சந்து வழியாகத்தான் இறங்குகிறது. குடல் நரம்பை நெருக்குவதால் கோளாறு வயிற்றில், வலி காலில். இடுப்பு மடிப்பில் கட்டி தென்படுகிறதா என்று யாரையாவது தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு 10.40

முக்கியமானதை விட்டுவிட்டேன். அங்கே போய் என்ன சொல்வீர்கள் என்பது. நம் பாட்டிமார்கள் கவுண்டரில் நின்று "காக்கி சாக்கிட், பெருட் அங்கின்" (கால் வலி, வயிற்றில் காற்று) என்பார்கள். மலாயில் பாதமும் காக்கிதான், முழுக் காலும் காக்கிதான். அங்கின் என்று காதில் விழுந்ததும் கேட்பவர் மனத்தில் வயிற்று வாயு வந்து உட்கார்ந்துவிடும். பாட்டி காற்று என்று சொன்னது வேறு, பிசைந்து முறுக்கும் வலியை, அதற்கு அவரிடம் இருக்கும் சொல் அதுதான். நீங்களே பேசுங்கள். "சாக்கிட் பாஹா டாலாம், முந்தா, பெருட் கெம்புங்" என்று உள்தொடை வலி, வாந்தி, வயிற்று உப்பல் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். காலுக்கு ஒரு கிளினிக், வயிற்றுக்கு ஒரு கிளினிக் என்று போனதால் இரண்டையும் சேர்த்துக் கேட்டவர் இதுவரை யாருமே இல்லை.

4 ஜூன், காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு தவறு, அவசரத்தில் வந்தது. கட்டி தென்படுகிறதா பார்க்கச் சொன்னேன். இந்த ஹெர்னியாவில் பெரும்பாலும் கட்டி வெளியே தெரியாது, தொடையின் தசைக்கு அடியில் ஆழத்தில் ஒளிந்திருக்கும். மடிப்பில் கட்டி தெரிவது இதற்குப் பக்கத்து வீட்டுக்காரரான ஃபெமரல் ஹெர்னியாவில், அதுவும் வயதான பெண்களுக்கு அதிகம், அதுவும் அவசரம்தான். ஆகவே கட்டி இருந்தால் உடனே போங்கள், இல்லாவிட்டாலும் போங்கள். "கட்டி இல்லை, அதனால் ஒன்றும் இல்லை" என்று யாராவது என் பேரைச் சொல்லிவிடக் கூடாது.

அந்தச் சந்து 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளம். சாதாரணமாகக் கொழுப்பு அதை அடைத்துக்கொண்டிருக்கும். உடம்பு வற்ற வற்ற அந்தக் கொழுப்பும் கரைந்து வழி திறந்துவிடுகிறது. பெண்களுக்கு இடுப்பெலும்பு அகலம், பிரசவங்களில் உள்ளே எல்லாம் தளர்ந்திருக்கும். வலது பக்கம்தான் அதிகம், இடது பக்கத்தில் பெருங்குடல் வந்து மறைத்துக்கொள்கிறது. தோட்டத்தில் நமக்குத் தெரிந்த எத்தனை பாட்டிகள் இந்த அச்சிலேயே இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

4 ஜூன், மாலை 5.30

இது எனக்கு எப்படி இவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் அம்மா. 1994.

அம்மாவுக்கு அப்போது 74. இருட்டில் எழுந்து பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு)ப் போய் 35 வருடம் மரம் வெட்டியவர், தோளில் காண்டா வாளி தூக்கியவர், ஏழு பிள்ளை பெற்றவர். அப்பா போன பிறகு சோறு இறங்காமல் எலும்பும் தோலுமாக ஆனார். வலது முட்டி வலிக்கிறது என்று ஆரம்பித்தார். ஒரு கிளினிக்கில் ஊசி, இன்னொன்றில் மாத்திரை, கோடாலித் தைலம் பாட்டில் பாட்டிலாகத் தீர்ந்தது. நடுநடுவே வாந்தி. ஒருநாள் வாந்தி நிற்கவே இல்லை, வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. எக்ஸ்ரேயில் குடலடைப்பு என்று மட்டும் தெரிந்தது, எங்கே எதனால் என்று தெரியவில்லை. சி.டி. ஸ்கேன் இப்போது மாதிரி கேட்டவுடன் கிடைக்கிற காலமில்லை. திறந்துதான் பார்க்க வேண்டும் என்றார்கள்.

நான் வேலை பார்த்த தியேட்டர்தான், ஆனால் சொந்தத் தாய் என்பதால் என்னை உள்ளே விடவில்லை, விடாததும் சரிதான். கூட வேலை பார்த்த சிஸ்டர் வெளியே வந்து, தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து, "இத்துணூண்டு ஓட்டையில மாட்டியிருக்குடி" என்றார். குடலில் ஒரு சாண் நீளம் கறுத்துப் போயிருந்தது. அதை வெட்டி எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார்கள். அம்மா 19 நாள் படுக்கையில் இருந்து வீடு வந்தார், அதன் பிறகு ஆறு வருடம் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் எழுந்து நடந்த முதல் நாளே முட்டி வலி போய்விட்டது.

5 ஜூன், காலை 8.15

தம்பியிடம் இருந்து தகவல் இல்லை. கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

5 ஜூன், மதியம் 2.00

இதைக் கட்டிலருகிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்று கேட்ட தங்கைக்கு (நர்சிங் படிக்கிறாராம், சந்தோஷம்).

இரண்டு உண்டு. முதலாவது ஹௌஷிப்-ரோம்பர்க் அறிகுறி. 19ஆம் நூற்றாண்டில் இதை எழுதிய இரண்டு டாக்டர்களின் பெயர். காலை நீட்டி, வெளிப்பக்கமாக அகற்றி, உள்பக்கமாகத் திருப்பினால் உள்தொடையில் சுரீர் என்று வலிக்கும், மடக்கினால் தணியும். எல்லாருக்கும் இருக்காது, இல்லாததை வைத்து ஹெர்னியா இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது 1980இல் ஹானிங்டன்-கிஃப் என்ற மருத்துவர் எழுதியது, எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் ஒரு ரப்பர் சுத்தியல் போதும். முட்டிக்குக் கீழே தட்டினால் கால் துள்ளுமே, அதை முதலில் பார். அப்புறம் முட்டிக்கு 5 சென்டிமீட்டர் மேலே, உள்தொடைத் தசையின் குறுக்கே உன் விரலை வைத்து அந்த விரல்மேல் தட்டு. நல்ல காலில் தசை விரலுக்கு அடியில் சுண்டி இழுக்கும். முட்டி துள்ளி, உள்தொடை மட்டும் சுண்டாமல் இருந்தால் அந்த நரம்பு எங்கேயோ நெருக்குப்படுகிறது என்று அர்த்தம். இரண்டு காலிலும் செய்து ஒப்பிட வேண்டும். என் அம்மாவுக்கு இதை யாரும் செய்து பார்க்கவில்லை.

இன்றைக்கு உறுதி செய்வது சி.டி. ஸ்கேன்தான். தொடைத் தசைகளுக்கு நடுவே இருக்கக் கூடாத இடத்தில் ஒரு குடல் வளையம் உட்கார்ந்திருப்பது தெளிவாகத் தெரியும். ஆனால் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்க முதலில் யாருக்காவது சந்தேகம் வர வேண்டுமே.

5 ஜூன், இரவு 9.10

ஆபரேஷன் எப்படி என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அம்மாவுக்குப் பிறகு என் சர்வீஸில் இன்னும் மூன்று பேருக்கு இதே ஹெர்னியா, அவற்றில் இரண்டுக்குக் கருவி எடுத்துக் கொடுத்தவள் நான்.

தொப்புளுக்குக் கீழே நேர்க்கோடாகத் திறப்பார்கள். உப்பிய குடல் ஒரு பக்கம், ஒட்டிப்போன குடல் ஒரு பக்கம், இரண்டும் சேரும் இடத்தைத் தேடிக்கொண்டே போனால் இடுப்புக்குழியின் ஓரத்தில் குடல் சுவருக்குள் போவது மாதிரி மறைந்துவிடும். இழுத்தால் கிழியும். மெல்ல, மெல்ல, விரலால் நெருடி நெருடி எடுப்பார்கள். வராவிட்டால் சந்தின் வாயில் உள்ள சவ்வைக் கொஞ்சம் வெட்டி விட வேண்டும். அங்கேதான் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம், பக்கத்திலேயே ரத்தக்குழாய்கள். இடுப்பெலும்பின் மேலே குறுக்கே ஓடும் ஓர் இணைப்புக் குழாய்க்கு லத்தீனில் மரணக் கிரீடம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அறுந்தால் உள்ளே இழுத்துக்கொண்டு பிடிக்கக் கிடைக்காது.

குடல் வெளியே வந்ததும் யாரும் எதையும் வெட்ட மாட்டார்கள். வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் சுற்றிவிட்டுக் காத்திருப்போம். பத்து நிமிடம் இருக்கும். துணியை விலக்கிப் பார்க்கும்போது கருநீலமாக இருந்தது சிவந்து, தொட்டால் புழு மாதிரி நெளிந்தால் தப்பித்தது. நெளியாமல் மங்கலாகவே கிடந்தால் வெட்டிச் சேர்க்க வேண்டும். நான் பார்த்ததில் ஒருவருக்குச் சிவந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் மயக்க மருந்து டாக்டர் முதற்கொண்டு ஒருவரும் பேசவில்லை, மெஷின் சத்தம் மட்டும்.

பிறகு ஓட்டையை அடைக்க வேண்டும். நூலால் தைப்பது உண்டு, வலை வைப்பது உண்டு, குடல் அழுகியிருந்தால் கிருமி பயத்தில் வலையைத் தவிர்ப்பார்கள். கர்ப்பப்பையையே இழுத்து அந்த வாயில் வைத்துத் தைத்ததும் உண்டு. இப்போது உடம்பு தாங்குகிறவர்களுக்குச் சின்னத் துளை போட்டுக் கேமரா வழியாகவும் செய்கிறார்கள்.

இந்தச் சந்தில் குடல் இறங்கும் என்று பிரான்சில் ஆர்னோ என்பவர் 1724இல் எழுதினார். அறுவை செய்து பிழைக்க வைத்தது 1851இல், ஹென்றி ஓப்ரே. நடுவில் 127 வருடம்.

6 ஜூன், காலை 7.00

ஒரு திருத்தம், இல்லை, சேர்ப்பு. காற்றுப் பிரிந்தால் அடைப்பு இல்லை என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். குடலின் முழு வட்டமும் மாட்டாமல் சுவரின் ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொள்வது இந்த ஹெர்னியாவில் நிறைய. ரிக்டர் ஹெர்னியா என்பார்கள். பாதை பாதி திறந்திருக்கும், காற்றுப் பிரியும், மலம்கூடப் போகும், ஆனால் மாட்டிய இடம் அழுகிக்கொண்டிருக்கும். அதனால் அந்த ஆறுதலை நம்பாதீர்கள்.

6 ஜூன், இரவு 10.00

"அக்கா பார்த்ததிலேயே அபூர்வமானது எது?" என்று கேட்ட தம்பிக்கு. சுங்கை சிப்புட் தம்பியின் பாட்டி நினைப்பாகவே இருக்கிறது, தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

ஒரு பெண்பிள்ளை, பத்தாம் வகுப்போ ஒன்பதோ. செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. இரண்டு வருடமாக வயிற்று வலி, வாந்தி, தானாகச் சரியாகிவிடும், மறுபடி வரும். பரீட்சைப் பயம் என்றார்கள். காத்து கருப்பு என்று முனியாண்டி கோவிலில் எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். கடைசியில் முழு அடைப்போடு வந்தது.

வயிற்றைத் திறந்தோம், குடலைக் காணோம். ஆமாம், குடலே இல்லை. நடுவில் ஒரு வெள்ளைப் பை, இளநீர்க்காய் அளவு, வழுவழுவென்று. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொன்னால் புரியும், மங்கில் (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்தில்) மிஞ்சிய பால் காற்றுப்பட்டு மேலே ஏடு கட்டி இறுகிவிடுமே, அந்த நிறம், அந்தத் தடிமன். சர்ஜன் அதில் கத்தி முனையால் ஒரு கீறல் போட்டார், உள்ளே குடல் மொத்தமும் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிந்து மடிந்து அடைந்து கிடந்தது. ஆறு மீட்டர் வரை நீளமுள்ள குடல் அந்தப் பைக்குள்!

கூட்டுப்புழுவின் கூடு என்று பொருள்படும் பெயர் இதற்கு, அப்டாமினல் கக்கூன். இப்படி ஒரு சவ்வு குடலைச் சுற்றிக்கொள்வதை 1907இலேயே ஒருவர் எழுதியிருக்கிறார், ஆனால் இந்தப் பெயரைக் கொடுத்தது நம் பக்கத்தில், சிங்கப்பூர் டாக்டர்கள், 1978இல், அதுவும் இதே மாதிரி வயசுக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு. ஏன் வருகிறது என்று பல பேருக்குக் காரணமே கிடைப்பதில்லை. சிலருக்கு வயிற்றுக் காசநோய்க்குப் பிறகு வரும், வயிற்று வழியாகப் பல வருடம் டயாலிசிஸ் செய்பவர்களுக்கு வரும்.

அன்றைக்கு மூன்று மணி நேரம் ஒரே வேலை, உரிப்பது. அவித்த முட்டையில் ஓட்டுக்கு அடியில் இருக்கும் தோலை வெள்ளைக்கரு பெயராமல் உரிப்பது போல. ஒரு இடத்தில் குடல் ஓட்டையானால் அந்தப் பிள்ளைக்கு அப்புறம் வாழ்நாள் தொல்லை. குடலை ஒரு அங்குலம் கூட வெட்டவில்லை. உரித்த சவ்வைப் பரிசோதனைக்கு ஜாடியில் போட்டு லேபல் ஒட்டியது நான். நாலாம் நாள் அந்தப் பிள்ளை பசியாற ரொட்டி கேட்டது.

பரீட்சைப் பயம் என்று சொன்னவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் போகவில்லை.

7 ஜூன், அதிகாலை 4.20

அம்மாவைப் பற்றி 4ஆம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். கிளினிக்குகள் கண்டுபிடிக்கவில்லை என்பது போல் எழுதியிருக்கிறேன். அது உண்மைதான், ஆனால் பாதி.

அம்மா ராத்திரியில் வலது காலை வயிற்றோடு மடக்கி ஒருக்களித்துத்தான் படுப்பார். நான் டியூட்டி முடிந்து வந்து அந்தக் காலைப் பிடித்து நேராக நீட்டி, தைலம் போட்டுத் தேய்ப்பேன். நீட்டும்போது முகம் சுருங்கும். "மடக்கினா வலி நிக்குது ஆயி, நீட்டினா வயிறு பிசையுது" என்று சொன்னார். ஒரு தடவை அல்ல. காலையும் வயிற்றையும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் சொன்னவர் அவர்தான், கேட்டவள் நான், வாயு என்று சொல்லிவிட்டு இன்னும் அழுத்தித் தேய்த்தேன். நான்கு மாதம், ஒவ்வொரு ராத்திரியும்.

அப்போது அந்த ஹெர்னியாவின் பெயரே எனக்குத் தெரியாது. பெயர் தெரியாவிட்டாலும் அம்மா சொன்னதை அப்படியே ஒரு டாக்டரிடம் சொல்லியிருக்கலாம்.

9 ஜூன், இரவு 8.30

தம்பி தனியாக எழுதினார், இங்கே போடச் சொன்னார். பாட்டிக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது, கண் விழித்துவிட்டார்.

நான் நினைத்தது இல்லை. ஆப்ட்யூரேட்டர் ஹெர்னியா இல்லவே இல்லை, ஸ்கேனில் அந்தச் சந்து இரண்டு பக்கமும் சுத்தம். பித்தப்பைக் கல். கல் பித்தப்பைச் சுவரை அரித்து, ஒட்டிக்கொண்டிருந்த குடலுக்குள் விழுந்து, குடல் வழியாகவே கீழே உருண்டு வந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியில், அது குறுகலான இடம், சிக்கிக்கொண்டது. இதுவும் அபூர்வம், இதுவும் வயதான பெண்களுக்குத்தான் அதிகம். பத்து நாள் விட்டு விட்டு வலித்ததற்குக் காரணம் இப்போது புரிகிறது. கல் ஓர் இடத்தில் சிக்கும், வாந்தி வரும். நழுவும், பாட்டி எழுந்து கஞ்சி குடிப்பார். இன்னும் கீழே போய் மறுபடி சிக்கும்.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, ஈரல் பக்கம் பித்தக் குழாயில் காற்று இருப்பதைக் கவனித்திருக்கிறார். காற்று! இருக்கக் கூடாத இடத்தில் காற்று. குடலும் பித்தப்பையும் திறந்து சேர்ந்துவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம், அதோடு குடலடைப்பும் வெளியே வந்த கல்லும் சேர்ந்தால் ரிக்லர் 1941இல் சொன்ன மூன்றும் சரி. ஸ்கேனில் கல் தெரிந்தது. கல் சிக்கிய இடத்துக்குச் சற்று மேலே நல்ல குடலில் கீறி, கல்லைப் பின்னால் தள்ளிக் கொண்டுவந்து எடுத்துவிட்டுத் தைத்திருக்கிறார்கள்.

தொடை வலி? இடுப்பு மூட்டுத் தேய்மானம். தேய்ந்த இடுப்பு மூட்டு உள்தொடையிலும் முட்டியிலும் வலிக்கும். முதல் கிளினிக் சொன்னது கிட்டத்தட்ட சரியாகவே இருந்திருக்கிறது. காலும் வயிறும் ஒரே கதை என்று பிடிவாதமாக நின்றது நான், பாட்டியின் காலில் என் அம்மாவின் காலைப் பார்த்துவிட்டேன். பிரித்துப் பார்க்க வேண்டியது டாக்டரின் வேலை, நான் சேர்த்துச் சொல்லச் சொன்னதோடு நிறுத்தியிருக்க வேண்டும். தம்பி, மன்னிக்க வேண்டும். கொண்டு போனது மட்டும் சரி.

10 ஜூன், காலை 7.40

அந்தப் பித்தப்பை ஓட்டையை ஏன் மூடவில்லை, மறுபடியும் கல் விழாதா என்று தம்பி கவலைப்படுகிறார். 81 வயது, 38 கிலோ, பத்து நாளாகச் சரியான சாப்பாடு இல்லாத உடம்பு. அதற்கும் சேர்த்துக் கத்தி வைத்தால் மயக்கத்திலேயே நேரம் நீளும், ஆபத்து கூடும். உயிரைக் காக்க வேண்டியதை முதலில் செய்துவிட்டு மற்றதைப் பிறகு பார்ப்பார்கள். பலருக்கு அந்த ஓட்டை தானே அடைந்துவிடும். மறுபடி கல் விழுவதும் சிலருக்கு உண்டு, ஆகவே வாந்தியோ பிசையும் வலியோ வந்தால் அன்றே வர வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பாட்டியின் ஐ.சி.யோடு (அடையாள அட்டையோடு) வைத்துவிடுங்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கையில் இருக்கட்டும்.

14 ஜூன், மாலை 6.15

பாட்டி இன்று அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தாராம், தொடை வலிக்கிறது என்று திட்டவும் ஆரம்பித்துவிட்டாராம். கல்லைக் கேட்டு வாங்கி மருந்துப் பாட்டிலில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருக்கிறார், 3 சென்டிமீட்டர், ஜாதிக்காய் மாதிரி இருக்கிறது என்று தம்பி படம் அனுப்பியிருக்கிறார். வருகிற மிஸ்ஸிகளிடம் எல்லாம் பாட்டிலை ஆட்டிக் காட்டி, "அங்கின் இல்ல, பாத்து" என்கிறாராம். மலாயில் பாத்து என்றால் கல்.